உளி, சீவுளி, வாள், வாய்ச்சி: தீட்டலும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் தச்சுவேலை பழகுகிற பிள்ளைகளும், அப்பா அப்பப்பா காலத்து ஆயுதப்பெட்டியை (தச்சுச் சாமான் பெட்டியை) திறந்து பார்த்துவிட்டு இதை என்ன செய்யலாம் என்று யோசிக்கிற ஆக்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் பைன் மரத்தை வைத்துக் காட்டுவதை அப்படியே எடுத்து பாலை, முதிரை மாதிரிக் கெட்டி மரங்களிலும் செய்து பார்த்து உளி வாயை (வெட்டுகிற ஓரத்தை) உடைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அதனால் எங்கள் மரத்துக்கும், எங்கள் மாரிக்கும், பக்கத்துக் கடையில் கிடைக்கிற சாமானுக்கும் ஏற்றமாதிரித்தான் பதில்கள் இருக்கும்.

மெசின் எல்லாம் வந்துவிட்டதே, இன்னும் ஏன் உளி தீட்ட வேண்டும்?

மரக்காலையிலேயே இழைத்து வாங்கலாம், ரவுட்டரில் குழி வெட்டலாம், உண்மைதான். ஆனால் கதவுக்குப் பிணைச்சல் பதிக்கும்போது, கழுந்து (துளைக்குள் பொருத்தச் செதுக்கிய மரமுனை) துளைக்குள் போகாமல் மயிரிழை இறுகும்போது, மாரியில் ஊதிப்போன யன்னலை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கச் சரிசெய்யும்போது கை போவது உளிக்கும் சீவுளிக்கும்தான். 1990க்குப் பிறகு எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டு, கரண்டும் இல்லாமல் இருந்த அந்த நீண்ட காலத்தில் இங்கே நிலையும் கதவும் வண்டிலும் செய்த தச்சர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பெட்டிதான் பட்டறை. இன்னொன்று, கூரான உளியை விட மொட்டை உளிதான் ஆளை வெட்டும். வெட்டாத உளியைத்தான் பலம் போட்டுத் தள்ளுவோம், பலம் போட்டதுதான் வழுக்கும்.

கூர் என்றால் உண்மையில் என்ன?

இரண்டு முகங்கள் சந்திக்கிற கோடு. ஒன்று சரிவான முகம், மற்றது தட்டையான முதுகு. இரண்டும் எவ்வளவு வழுவழுப்பாக இருந்து, இடைவெளி இல்லாமல் எவ்வளவு நேராகச் சந்திக்கின்றனவோ அவ்வளவுதான் கூர். பத்துப் பேரில் ஒன்பது பேர் சரிவை மட்டும் கல்லில் போட்டு உரசிவிட்டு முதுகைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. முதுகில் அரத்தின் கோடு கோடான தடம் இருந்தால் சரிவை எவ்வளவு மினுக்கினாலும் வாய் அந்தக் கோடுகளின் பல்லோடுதான் இருக்கும், வெட்டுகிற இடத்தில் சின்னச் சின்னக் கீறல் விழும். இந்தப் பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் முதுகு பற்றியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

புது உளி, கடையில் வாங்கி நேரே வந்தது. ஏன் வெட்டவில்லை?

ஏனென்றால் அது அரைகுறையாக முடிந்த உளி. தொழிற்சாலையில் கரடான சில்லில் பிடித்து உருவம் மட்டும் கொடுத்து, துருப்பிடிக்காமல் இருக்க மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு அடித்து அனுப்புகிறார்கள். கடைசி வேலை உங்களுடையது. முதலில் அந்தப் பூச்சைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் கல்லின் துவாரங்களை அது அடைத்துவிடும். பிறகு முதுகை மட்டமாக்குங்கள். முழு முதுகும் தேவையில்லை, வாயிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போதும். தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றில் 220 நம்பர் கறுப்புத் தாளை (தண்ணீரில் நனைத்து உரசுகிற சான்ட் பேப்பர்) தண்ணீர் தொட்டு ஒட்டி, உளியின் முதுகை விரல்களால் அழுத்தி முன்னும் பின்னும் தேயுங்கள். கண்ணாடி மட்டமானது, மலிவானது, உடைந்த யன்னல் கண்ணாடி ஓரமும் உதவும், ஓரத்தை மழுக்கிவிட்டு எடுங்கள். எந்த இடம் தேய்கிறது என்று பார்க்க முதுகில் மாக்கர் பேனையால் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் மை போன இடம் மேடு, மை நிற்கிற இடம் பள்ளம். வாய் ஓரம் முழுக்க மை போகும்வரை 220ஐ விட்டு மாறாதீர்கள். பிறகு 400, 800, 1000, இருந்தால் 2000. இது ஒரு உளிக்கு ஒரு முறை செய்கிற வேலை. அரைமணி நேரம் ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள், அதன்பிறகு அந்த உளியின் ஆயுள் முழுக்க முதுகை மெல்லக் கல்லில் தொட்டு எடுத்தால் போதும்.

எந்தக் கல் வாங்குவது? விலை கூடிய கல் வேண்டுமா?

வேண்டாம். ஹாட்வெயார் கடையில் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கிற இரட்டைக் கல் ஒன்று, மேலே சொன்ன கறுப்புத் தாள் கொஞ்சம், தேய்ந்த தோல்பட்டி ஒன்று. இவ்வளவோடு மேசை, கதவு, நிலை எல்லாம் செய்யலாம். கையில் காசு இருந்தால் 1000, 6000 நம்பர் தண்ணீர்க் கற்கள் நல்லவை, வேகமாக வெட்டும், ஆனால் சீக்கிரம் குழியும்.

எண்ணெயா தண்ணீரா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. இரட்டைக் கல்லில் இரண்டும் சரிதான், ஆனால் ஒருதரம் எண்ணெய் விட்ட கல்லில் பிறகு தண்ணீர் வேலை செய்யாது, ஆகவே முதல் நாளே முடிவெடுங்கள். எண்ணெய் என்றால் தையல் மெசின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கல்லில் விடாதீர்கள், பிசினாகிக் கல்லை அடைத்துவிடும், அதன்பிறகு உளி கல்லின்மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர வெட்டாது.

கல் குழிந்தால்? எல்லாக் கல்லும் நடுவில் குழியும். குழிந்த கல்லில் தீட்டினால் உளியின் வாயும் வளைந்துதான் வரும், முதுகை மட்டமாக வைக்கவே முடியாது. சீமெந்துத் தரையில் நைஸ் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தால் மட்டமாகிவிடும்.

ஊரில் பனை சீவுகிற ஆக்கள் பலகையில் வெள்ளைக்கல் தூளைப் போட்டுப் பாளைக்கத்தியைத் தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பழங்கதை இல்லை, முறையான வழி. பாளையைத் தாள் கனத்துக்குச் சீவுகிற கத்திக்கு எப்படிப்பட்ட கூர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எத்தனை பாகைச் சரிவு வைப்பது?

கையால் தள்ளிச் சீவுகிற உளிக்கு 25 பாகை. கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடிக்கிற உளிக்கு 30. பாலை, முதிரை மாதிரி மரத்தில் துளை வெட்டுகிற தடித்த உளிக்கு 35 வரை போகலாம். சீவுளித் தகட்டுக்கு 25இல் உருவம் கொடுத்து, நுனியில் மட்டும் 30இல் தீட்டுவது வசதி, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் முழுச் சரிவையும் தேய்க்க வேண்டியதில்லை, நுனியில் ஒரு நூல் அகலம் தேய்ந்தால் போதும்.

பாகைமானி தேவையில்லை. உளித் தகட்டின் கனத்தைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு இருந்தால் அது சரியாக 30 பாகை. 4 மில்லிமீற்றர் கனமான உளிக்கு 8 மில்லிமீற்றர் சரிவு. அதே உளியில் ஏறக்குறைய ஒன்பதரை மில்லிமீற்றர் வந்தால் 25 பாகை. அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள், உங்கள் உளி எங்கே நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தீட்டும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

கல் அசையக்கூடாது. ஈரச் சாக்கின்மேல் வையுங்கள் அல்லது பலகையில் இரண்டு சட்டம் அறைந்து அதற்குள் இறுக்குங்கள். உயரம் இடுப்பளவு இருந்தால் நல்லது, குந்தியிருந்து தீட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் அப்படியே செய்யலாம். சரிவைக் கல்லின்மேல் வைத்து, பின்முனையும் முன்முனையும் இரண்டும் கல்லைத் தொடுகிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்து உணருங்கள், அதுதான் உளி ஏற்கெனவே வைத்திருக்கிற கோணம். அங்கிருந்து மயிரளவு பின்பக்கத்தைத் தூக்கி, மணிக்கட்டைப் பூட்டிவிட்டு, தோளிலிருந்து தள்ளுங்கள். மணிக்கட்டு ஆடினால் சரிவு உருண்டுவிடும், உருண்ட சரிவு பார்க்க மினுங்கும், ஆனால் வெட்டாது. கல்லின் நடுவில் மட்டும் ஓடாமல் எல்லா இடமும் போங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் எல்லாரும் தவறவிடுகிற இடம். கரடான பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இடைக்கிடை முதுகுப் பக்கத்தில் விரலை வாயை நோக்கி வெளியே இழுத்துத் தடவுங்கள் (வாயின் நீளத்துக்கு அல்ல, அது விரலை அறுக்கும்). ஒரு சின்னப் பிசிர் தட்டுப்படும். அந்தப் பிசிர் வாயின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தட்டுப்பட்டால்தான் சரிவு முழுசாக வாயை எட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மூலையில் இல்லையென்றால் அந்த மூலை இன்னும் மொட்டைதான், அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்துங்கள். பிசிர் வந்தபிறகும் கரடில் தேய்த்துக்கொண்டிருப்பது இரும்பை வீணாக்குவது.

பிறகு நைஸ் பக்கம், அதே கோணம், அழுத்தம் குறைவு. அதன்பிறகு உளியைத் திருப்பி முதுகைக் கல்லில் முழுசாகப் படுக்கவைத்து நாலைந்து தரம். முதுகைத் தூக்காதீர்கள், ஒரு பாகைகூட வேண்டாம். சரிவு, முதுகு, சரிவு, முதுகு என்று மாறிமாறிச் செய்யப் பிசிர் மெலிந்து உதிரும். கடைசியாகத் தோல்பட்டியைப் பலகையில் ஒட்டி, அதில் பிராசோ மாதிரி உலோகம் மினுக்குகிற பசையைக் கொஞ்சம் தேய்த்து, உளியைப் பின்பக்கமாக மட்டும் இழுங்கள். முன்னுக்குத் தள்ளினால் தோல் வெட்டுப்படும்.

கூர் வந்துவிட்டதென்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெள்ளைக் கோடு மினுங்கினால் அது மொட்டை, வெளிச்சம் பட்டுத் திரும்புகிற அளவுக்கு அங்கே அகலம் இருக்கிறது. கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் மலைவேம்பு மாதிரி மென்மையான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவிப் பாருங்கள். நார் நசுங்காமல், வெள்ளையாகப் பொடியாமல், மினுக்கமாக வெட்டுப்பட்டால் சரி. மென்மையான மரத்தின் முனைதான் கடினமான சோதனை, கெட்டி மரம் மொட்டை உளியையும் மன்னித்துவிடும். கைமயிரை மழித்துக் காட்டுவது பார்க்க நல்லாயிருக்கும், பிசிர் இருந்தாலும் மயிர் மழியும், ஆகவே அதை நம்ப வேண்டாம்.

கிரைண்டரில் பிடித்தேன், வாய் நீலமாகிவிட்டது. உளி போய்விட்டதா?

உளி போகவில்லை, அந்த நீலப் பகுதி போய்விட்டது. உருக்கைச் சூடாக்க முதலில் வைக்கோல் நிறம் வரும் (ஏறக்குறைய 220, 230 பாகை செல்சியஸ்), பிறகு மண்ணிறம், ஊதா, 300க்குக் கிட்ட நீலம். உளிக்கு வைத்திருக்கிற பதம் (சூடாக்கிக் கொடுத்த கடினம்) அந்த வைக்கோல் நிறத்தோடு ஒட்டியது. நீலம் கண்டால் அந்த இடத்தின் கடினம் இறங்கிவிட்டது, எவ்வளவு தீட்டினாலும் இரண்டு அடியில் மடங்கும். நீலத்தைச் சான்ட் பேப்பரால் துடைத்து மறைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு, நிறம்தான் போகும், பதம் திரும்பாது. நீலம் போன இடம்வரை மெதுவாகத் தேய்த்து எடுப்பதுதான் வழி.

கிரைண்டர் பாவிப்பதே பிழை என்று சொல்லமாட்டேன். வாய் பெரிதாக உடைந்திருந்தால் கையால் தேய்த்துக் கொண்டுவர அரை நாள் போகும். ஆனால் பக்கத்தில் தண்ணீர் வாளி வேண்டும், விரல் வாய்க்குக் கிட்ட இருக்க வேண்டும், விரலுக்குச் சுட்டால் உடனே தண்ணீரில் தோய்க்க வேண்டும், வாயின் நுனிவரை போகாமல் கொஞ்சம் விட்டுவிட்டு மிச்சத்தைக் கல்லில் முடிக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஆங்கிள் கிரைண்டரை உளிக்குக் கொண்டுவராதீர்கள்.

முதிரையும் பாலையும் வெட்டினால் வாய் உடைகிறது. கல் பிழையா, உளி பிழையா?

வாயைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மடங்கியிருந்தால் ஒரு காரணம், துண்டாக உடைந்திருந்தால் வேறு காரணம். மடங்குகிறதென்றால் உருக்கு மென்மை, அல்லது எப்போதோ கிரைண்டரில் சூடேறியது. உடைகிறதென்றால் பெரும்பாலும் கோணம் போதாது. 25இல் இருந்தால் 30க்கு ஏற்றுங்கள், 30இல் உடைந்தால் 33, 35. பாலை தண்ணீரில் தாழ்கிற மரம், அதற்கு மெல்லிய வாயை வைத்து அடிப்பது நியாயமில்லை. துளை வெட்டும்போது உளியை ஆழ அடித்துவிட்டுப் பக்கவாட்டில் நெம்புகிற பழக்கமும் மூலையை உடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுங்கள்.

தேக்கு வேறு கதை. மென்மையாக வெட்டுப்படும், ஆனால் அதற்குள் சிலிக்கா, அதாவது மணலின் சத்து, நுண்ணியதாக இருக்கிறது. வாய் உடையாது, தேயும். தேக்கில் வேலை செய்கிற நாளில் அடிக்கடி தோல்பட்டியில் இழுத்துக்கொள்ளுங்கள். பனை வயிரத்திலும் கறுப்பு நார்கள் இரும்புக் கம்பி மாதிரி, இடையில் உள்ளது சோறு, அதனால் வாய் சீராகத் தேயாமல் பல்லுப் பல்லாகத் தேயும்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் சொறியும் தரும், இழைக்கும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

மரத்துக்குள் இரும்பு பட்டு வாய் சிதறிவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?

இது எங்கள் பிரதேசத்துக்கே உரிய தொல்லை. சண்டை நடந்த இடங்களில் வெட்டிய பனையிலும் முதிரையிலும் செல் துண்டும் சன்னமும் உள்ளே இருக்கும், மேலே பட்டை வளர்ந்து மூடியிருக்கும். பழைய வீட்டு மரத்தில் ஆணி. மரத்தில் இரும்பு இருந்தால் அதைச் சுற்றி நீலக் கறுப்பாக ஒரு கறை ஓடியிருக்கும், மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து வருகிற நிறம் அது. இயற்கையான வயிரக் கறுப்பு நாரின் போக்கில் சீராகப் போகும், இரும்புக் கறை ஒரு புள்ளியில் தொடங்கி மேலும் கீழும் வால் விட்டிருக்கும். அந்த இடத்தில் நல்ல உளியை வைக்காதீர்கள், பழைய உளியால் தோண்டி எடுங்கள். மேல்பரப்புக்குக் கிட்ட இருந்தால் பலமான காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாலும் இழுக்கும், ஆனால் ஈயமும் செம்பும் காந்தத்துக்கு வராது.

உள்ளே இருப்பது வெறும் துண்டா வெடிக்காத முழுப் பொருளா என்று கொஞ்சமும் சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு எட்டப் போய் பொலிசுக்கு அறிவியுங்கள். இதில் துணிச்சல் காட்ட ஒன்றுமில்லை.

சிதறிய வாயைச் சரிசெய்ய, முதலில் உளியைக் கல்லில் நிமிர்த்திப் பிடித்து உடைவு மறையும்வரை வாயை நேராகத் தேயுங்கள். பிறகு சரிவைத் தொடங்குங்கள். உடைவோடு சரிவைத் தேய்க்கத் தொடங்கினால் வாய் கோணலாக வரும்.

சீவுளி பிய்த்துப் பிய்த்து எடுக்கிறது. தகடு கூர்தான், பிறகு ஏன்?

முதிரையில் நார் ஒரு பட்டையில் இப்படியும் அடுத்த பட்டையில் எதிராகவும் பின்னிக்கொண்டு போகும், அதன் அழகே அதுதான். எந்தப் பக்கம் இழைத்தாலும் பாதிப் பலகைக்கு எதிர்நார். இரும்புச் சீவுளி என்றால் தகட்டின்மேல் இருக்கிற இரண்டாவது தகட்டை வாய்க்கு மிகக் கிட்ட, அரை மில்லிமீற்றருக்கும் உள்ளே கொண்டுவாருங்கள். சுருள் உடனே மடிந்து உடைவதால் நார் முன்னால் பிளந்து ஓடாது. அந்த மேல்தகடு கீழ்த்தகட்டில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, வெளிச்சம் தெரிந்தால் அதன் ஓரத்தையும் கல்லில் மட்டமாக்குங்கள். இல்லாவிட்டால் சுருள் இடையில் புகுந்து அடைக்கும்.

மரச் சீவுளியில் மேல்தகடு இல்லாவிட்டால், மெல்லியதாக எடுங்கள், பலகையைக் கொஞ்சம் குறுக்காக இழையுங்கள். அடிப்பக்கம் தேய்ந்து வாய்த்துவாரம் அகன்றிருந்தால் அந்தத் துவாரத்துக்கு முன்னால் கெட்டி மரத்துண்டு ஒன்று பதித்து ஒடுக்கலாம். தகட்டின் இரண்டு மூலைகளையும் தீட்டும்போது கொஞ்சம் கூட அழுத்தி மழுக்கிவிட்டால் பலகையில் கோடு விழாது.

மரச் சீவுளியை மண் தரையிலோ சுவரோடு ஒட்டியோ வைக்காதீர்கள். கறையான் ஒரே மாரியில் உள்ளே வெறுங்கூடாக்கிவிடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது.

வாளுக்கு அரம் போடுவது எப்படி? எல்லா வாளுக்கும் போடலாமா?

பல் நுனி மட்டும் நீலக்கறுப்பாக இருக்கிற புது வாள்களுக்குப் போட முடியாது. அந்த நுனியை மட்டும் தனியாகக் கடினமாக்கியிருக்கிறார்கள், அரம் வழுக்கும், அரம்தான் கெடும். அவை மொட்டையானால் அவ்வளவுதான். பழைய வாள்களுக்குத்தான் திரும்பத் திரும்ப உயிர் கொடுக்கலாம், அதனால்தான் பழைய வாளை இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு பலகைக்கு இடையில் வாளை இறுக்குங்கள், பல்லு மட்டும் கொஞ்சம் வெளியே தெரியட்டும், ஆடினால் அரம் கத்தும். முதலில் தட்டை அரத்தைப் பல் நுனிகளின்மேல் நீளத்துக்கு ஓடவிட்டு எல்லாவற்றையும் ஒரே உயரமாக்குங்கள், ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு சின்ன மினுக்கம் தெரியும். பிறகு ஒன்றுவிட்ட பல்லாக இரு பக்கமும் கொஞ்சம் வளைக்க வேண்டும், பல்லின் மேல்பாதியை மட்டும், அடியில் வளைத்தால் உடையும். காய்ந்த கெட்டி மரத்துக்குக் குறைவாக, பச்சை மரத்துக்குக் கூடுதலாக. அப்புறம் முக்கோண அரம். நாரின் போக்கில் அரிகிற வாளென்றால் வாளுக்கு நேர் குறுக்கே அரத்தைத் தள்ளுங்கள், ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி உளி. மரத்தைக் குறுக்கே அறுக்கிற வாளென்றால் அரத்தை 20, 25 பாகை சாய்த்துத் தள்ளுங்கள், பல்லு கத்தி முனை மாதிரி நாரை முதலில் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் சாய்கிற பற்களை முடித்துவிட்டு வாளைத் திருப்பி மற்றதைச் செய்யுங்கள். அந்த மினுக்கம் மறைகிற கணத்தில் நிறுத்துங்கள்.

அரம் முன்னுக்குப் போகும்போதுதான் வெட்டும். பின்னுக்கு இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், அழுத்தி இழுத்தால் அரத்தின் பல்லுத்தான் போகும்.

அறுக்கும்போது வாள் ஒரு பக்கமாக ஓடினால் அந்தப் பக்கப் பற்கள் கூட விரிந்திருக்கின்றன. வாளைப் படுக்கவைத்து அந்தப் பக்கப் பற்களின்மேல் நைஸ் கல்லை ஒருதரம் மெல்ல ஓடவிட்டு அறுத்துப் பாருங்கள்.

வாய்ச்சியும் கோடாலியும்?

இவற்றைக் கல்லுக்குக் கொண்டுபோவதை விடக் கல்லை இவற்றுக்குக் கொண்டுவருவது சுகம். வாய்ச்சியில் பெரும்பாலும் பிடிப்பக்கம், அதாவது உட்பக்கம்தான் சரிவு. வெளிப்பக்கத்தைத் தட்டையாகவே வைத்திருங்கள், அங்கே சரிவு விழுந்தால் செதுக்கும்போது மரத்தை விட்டு எகிறும், எகிறுகிற வாய்ச்சி போவது முழங்காலுக்குக் கீழேதான். கோடாலிக்கு இரு பக்கமும், கன்னம் கொஞ்சம் உருண்டு 25, 30 பாகை. அரத்தால் தொடங்கினால் தடித்த கையுறை போடுங்கள்.

பிடி கழன்று கழன்று வருகிறது. தண்ணீரில் ஊறவைக்கலாமா?

அன்றைக்கு இறுகும், பிறகு முன்னைவிட மோசமாகக் கழரும். ஊறிய மரம் இரும்புக் காதுக்குள் (பிடி நுழைகிற ஓட்டைக்குள்) விரிய இடமில்லாமல் நசுங்குகிறது, காய்ந்தபின் நசுங்கிய அளவில்தான் சுருங்கும். வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வன்னியில் எல்லாப் பிடியும் சுருங்கும், அது இயல்பு. ஆப்பை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தடித்த ஆப்பு அடியுங்கள். புதுப் பிடிக்கு நன்றாகக் காய்ந்த, நார் நேராக ஓடுகிற மரமாகப் பாருங்கள், விண்ணாங்கு நல்லது. வார்னிஷ் அடிக்காமல் எண்ணெய் தேய்த்து வைத்தால் கை கொப்பளிக்காது. லின்சீட் எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள்.

இடம்பெயரும்போது புதைத்துவிட்டுப் போன ஆயுதப்பெட்டி கிடைத்தது. முழுக்கத் துரு. காப்பாற்ற முடியுமா?

இந்தக் கேள்வியை 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பிய எத்தனையோ குடும்பங்கள் கேட்டிருக்கின்றன, இப்போதும் வீடு கட்ட அத்திவாரம் வெட்டும்போது வெளியே வருகிறது. முதலில் ஒன்று: கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணி என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் எந்தப் பெட்டிக்காகவும் தோண்டாதீர்கள். முகமாலைப் பக்கம் எத்தனை வருடமாக அந்த வேலை நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

எடுத்த ஆயுதம் பெரும்பாலும் காப்பாற்றப்படும். துரு மேலேதான் பயங்கரமாகத் தெரியும், உளியின் உருக்கு கனமானது. மண்ணைத் தட்டிவிட்டு, பழப்புளியைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தோ தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ ஒரு இரவு ஊறவையுங்கள், பிளாஸ்ரிக் வாளியில். அலுமினியச் சட்டி வேண்டாம். காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்தால் கறுப்புச் சேறாக வரும். போதாவிட்டால் இன்னொரு இரவு, ஆனால் நாள்கணக்கில் மறந்துவிடாதீர்கள், புளிப்பு நல்ல இரும்பையும் தின்னும். வெளியே எடுத்தவுடன் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றி, வெயிலில் வைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுங்கள். இந்தக் கடைசிப் படியைத் தள்ளிப்போட்டால் ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும்.

பெரிய வாள், சீவுளி உடம்பு மாதிரிச் சாமானுக்கு கார் பற்றரி சார்ஜரும் சலவைச் சோடாவும் நல்ல வழி. சோடா கரைத்த தண்ணீரில் சார்ஜரின் மறை (−) கம்பியை ஆயுதத்தில், நேர் (+) கம்பியை வேண்டாத இரும்புத் துண்டில் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டும். மாற்றி மாட்டினால் ஆயுதம் கரையும். வெட்டவெளியில் செய்யுங்கள், வருகிற குமிழி ஐதரசன், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். நேர்ப் பக்கத்துக்கு ஸ்ரெயின்லஸ் ஸ்ரீல் போடவே கூடாது, அதிலிருந்து நஞ்சான குரோமியம் தண்ணீரில் கரையும்.

துரு போனபின் முதுகைப் பாருங்கள். வாய்க்குக் கிட்ட ஆழமான குழிகள் இருந்தால் அந்தக் குழி வாயை எட்டும்போதெல்லாம் கூரில் ஓட்டை விழும். அந்தக் குழிகளைத் தாண்டும்வரை உளியைக் கட்டையாக்குவது, அல்லது அதைக் கரட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது. பிடி உக்கியிருக்கும், புதுப் பிடி போட்டுவிட்டால் அந்தக் கைகள் பிடித்த அதே இரும்பு மறுபடி வேலை செய்யும். இதற்காகச் செலவழிக்கிற நேரத்தை வீண் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள்.

மாரியில் துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது?

ஐப்பசியிலிருந்து தை வரை ஈரம், முல்லைத்தீவுக் கரைப்பக்கம் என்றால் உப்புக் காற்றும். வேலை முடிந்ததும் தூளைத் தட்டி, தையல் மெசின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, இது ஒரு நிமிட வேலை. தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குச் சரி, நீண்ட நாள் வைக்க நல்லதில்லை, சிக்கெடுத்துப் புளிக்கும். பழைய என்ஜின் ஒயில் வேண்டாம், அது தோலுக்கும் கேடு, மரத்திலும் கறை. தோல் உறைக்குள் உளியை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சீமெந்துத் தரையில் பெட்டியை நேரே வைக்காமல் இரண்டு கட்டைமேல் வையுங்கள். வியர்த்த கையின் தடமும் துருவாகும், விரல் ரேகை அப்படியே பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆயுத பூசைக்கு வைக்கும்போது துருப்பிடிக்கிறதே?

சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு இரும்பில் ஒரு இரவு இருந்தால் துரு வரத்தான் செய்யும். முதல்நாளே எல்லாவற்றையும் தீட்டி, எண்ணெய் பூசி, பொட்டை மரப்பிடியில் வையுங்கள். நவராத்திரி வருவது மாரி தொடங்குகிறதுக்குச் சற்று முன், வருடத்தில் ஒருதரம் பெட்டி முழுவதையும் வெளியே எடுத்து முழுப் பராமரிப்புச் செய்ய அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

கொல்லரிடம் புது உளி அடிப்பிக்கலாமா?

தாராளமாக. லொறியின் வில்லுத்தகட்டில் அடித்த வாய்ச்சியும் கத்தியும் கோடாலியும் பல புதுச் சாமான்களை விட நல்லவை. மெல்லிய சீவும் உளிக்கு அந்த உருக்குக் கொஞ்சம் மென்மை, தேய்ந்த அரத்திலிருந்து அடித்தால் கூர் கூட நேரம் நிற்கும், ஆனால் பதம் சரியாக இறக்காவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும். பதம் வைத்தபின் வாய்ப்பக்கம் புது அரம் வழுக்கினால் கடினம் ஏறியிருக்கிறது, கடித்தால் இன்னும் மென்மை. வாங்குமுன் அங்கேயே சோதித்துப் பார்க்கலாம், நல்ல கொல்லர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

தொடங்குகிறவர் முதலில் எதை வாங்குவது?

6, 12, 25 மில்லிமீற்றர் அகலத்தில் மூன்று உளி, இரட்டைக் கல் ஒன்று, இரும்புச் சீவுளி ஒன்று, அரம் போடக்கூடிய வாள் ஒன்று. பழையது கிடைத்தால் பழையதையே எடுங்கள். பார்க்கும்போது பிடியைப் பார்க்காதீர்கள், பிடி மாற்றலாம். முதுகைத் திருப்பிப் பாருங்கள், வாயிலிருந்து மூன்று சென்ரிமீற்றருக்குள் ஆழமான துருக்குழி இருக்கிறதா, நீலம் இருக்கிறதா, உளியின் நீளம் இன்னும் எவ்வளவு மிச்சம். தலையில் சுத்தியலால் அடித்துக் காளான் மாதிரி விரிந்திருந்தால் அதை அரத்தால் எடுத்துவிட்டு, இனிமேல் புளிய மரக் கொட்டாப்புளியால் மட்டும் அடியுங்கள்.